18.5 கிலோ வருகிறது, 18.4 கிலோ வரமாட்டேன் என்கிறது: கொழுந்துக் கணக்கு டேட்டாபேஸ்

கொழுந்துக்கணக்கு
எல்லாருக்கும் வணக்கம். புசல்லாவைப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். காலையும் பின்நேரமும் லொறி வரும். கொழுந்தை நிறுத்து, யார் எத்தனை கிலோ என்று பதிந்து, மாத முடிவில் ஃபெக்டரி தரும் காசை அந்தக் கணக்குப்படி பிரிப்போம். போன வருடம் வரைக்கும் சீ.ஆர். புத்தகம். இந்த வருடம் நானே யூடியூப் பார்த்து மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சொஃப்ட்வேரில் டேபிள் செய்துவிட்டேன். மூன்று தலையிடி வந்திருக்கிறது.

ஒன்று: எடை 18.5 உள்ள பதிவுகளைத் தேடினால் வருகிறது. 18.4 என்று தேடினால் ஒன்றுமே இல்லை என்கிறது. ஆனால் டேபிளைத் திறந்து பார்த்தால் 18.4 கண்ணுக்கு முன்னால் இருக்கிறது!

இரண்டு: மாதக் கூட்டுத்தொகை ஃபெக்டரிக் கடதாசியோடு சரிவரவில்லை. சதக்கணக்கிலும் இடிக்கிறது, ரூபாக்கணக்கிலும் இடிக்கிறது.

மூன்று: உதவிக்கு வரும் தம்பி ஒரு பதிவை அழிக்கப் போய் ஒரு நாள் பதிவு முழுவதையும் அழித்துவிட்டான். நிறுவைத் துண்டுகளை வைத்து இரவு 11 மணி வரை திரும்ப அடித்தேன். நாங்கள் எல்லாரும் எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில்தான் நுழைகிறோம். பாஸ்வேர்ட் சுவர்க் கலண்டரில் எழுதியிருக்கிறது.

எடையும் காசும் ஃபுளோட் (புள்ளி எண் வகை). அடையாள அட்டையும் ஃபோன் நம்பரும் இன்ட் (முழு எண் வகை). திகதி வார்சார் (எழுத்து வகை). ஃபோனில் தமிழ் கீபோர்ட் மட்டும்தான் இருக்கிறது, அதனால் கட்டளைகளையும் தமிழிலேயே எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம்.

நானுஓயா_எக்ஸ்பிரஸ்
எக்செல் என்று ஒன்று இருக்கிறதே, கேள்விப்படவில்லையா?

பண்டாரவளை57
எக்செல்லிலும் ஃபுளோட் மாதிரி வகைதான் அண்ணே, மூடி மறைத்துக் காட்டும். அது கிடக்கட்டும்.

தங்கச்சி, உங்கள் முதல் கேள்வி அருமையானது. 18.5 வந்து 18.4 வராததற்குக் காரணம் தராசு இல்லை, ஃபுளோட்.

கம்ப்யூட்டருக்குத் தசமம் தெரியாது. அதற்குத் தெரிந்தது நம் பாட்டன்மார் படித்த பின்னக் கணக்கு: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். ஒவ்வொன்றும் முன்னதில் சரிபாதி. 18.5 என்பது பதினெட்டரை, சுலபமாக எழுதிவிடும். 18.75 என்றால் பதினெட்டே முக்கால், அதுவும் சரி. 18.4 என்று வரும்போதுதான் திண்டாட்டம். கால் போட்டுப் பார்க்கும், அரைக்கால் சேர்க்கும், 0.375 ஆயிற்று. இன்னும் கொஞ்சம் வேண்டும். 1/64 சேர்க்கும், 1/128 சேர்க்கும், இன்னும் கொஞ்சம்... இப்படியே முடிவில்லாமல் போகும். ஃபுளோட்டில் இடம் 24 பிட் மட்டும்தான், அதற்கு மேல் வெட்டிவிடும். ஆகவே உங்கள் டேபிளில் உண்மையில் கிடப்பது 18.3999996 சொச்சம். திரையில் காட்டும்போது மரியாதைக்கு 18.4 என்று காட்டுகிறது.

நீங்கள் தேடும்போது அடிக்கிற 18.4-ஐ மைஎஸ்கியூஎல் 53 பிட் துல்லியத்தில் எடுத்துக்கொண்டு ஒப்பிடும். 24 பிட்டில் வெட்டியதும் 53 பிட்டில் வெட்டியதும் ஒன்றாக இருக்குமா? இருக்காது. அதனால் "இல்லை".

மருந்து: எடை நிரலை (கொலம்) டெசிமல்(6,2) ஆக்குங்கள். மொத்தம் 6 இலக்கம், அதில் 2 புள்ளிக்குப் பின்னால், 9999.99 வரை போகும். டெசிமல் நாம் கையால் எழுதுகிற மாதிரியே இலக்கம் இலக்கமாக வைக்கும், வெட்டாது. "இடம் அதிகம் எடுக்குமே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டெசிமல்(6,2) மைஎஸ்கியூஎல்லில் 3 பைட், ஃபுளோட் 4 பைட்.

காசுக்கு டெசிமல்(12,2). ஃபுளோட்டில் காசு வைப்பது பெரிய பாவம். 10½ இலட்சத்தைத் தாண்டிய தொகையில் ஃபுளோட்டின் ஒரு படி 12½ சதம். 1,234,567.89 என்று போட்டால் உள்ளே 1,234,567.875 தான் உட்காரும். 16,777,216-க்கு மேலே போனால் ஒரு படி 2 ரூபா. 16,777,217 என்ற எண்ணே ஃபுளோட்டில் கிடையாது.

மாற்ற முன்னர் பேக்கப். மாற்றும்போது 18.3999996 தானாக 18.40 ஆகிவிடும், பயப்பட வேண்டாம்.

ஐசிடி_மிஸ்
பின்ன உதாரணம் நன்றாக இருக்கிறது, நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஒரு சின்னத் திருத்தம்: பழைய தமிழ்ப் பின்னங்களில் மா என்று ஒன்று இருக்கிறது, 1/20. அதைக் கம்ப்யூட்டரால் சரியாக எழுத முடியாது. முந்திரி 1/320, அதுவும் முடியாது. பாட்டன்மார் கம்ப்யூட்டரை விட ஒரு படி மேல்தான்.

உயர்தரம்_கடைசிவாங்கு
மிஸ், "வேர்" (எந்தப் பதிவு என்று சொல்லும் கட்டளைச் சொல்) போடாமல் டிலீட் செய்தால் எல்லாம் போகும். ரூட்டுக்கும் தமிழில் வேர். அக்காவின் ஒஃபீஸில் ஒரு வேர் இருந்திருக்கக் கூடாது, ஒரு வேர் இருந்திருக்க வேண்டும். 😁

ஐசிடி_மிஸ்
கடைசி வாங்கிலிருந்து இதுதான் வரும். நீ முதலில் முதன்மைச் சாவியைப் படி.

கொழுந்துக்கணக்குத் தங்கச்சி, அடையாள அட்டை இன்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே கவனியுங்கள், நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஓர் இடத்தில் பெற்றோர் விபரம் பதிய டேபிள் செய்து கொடுத்தேன். பழைய அட்டை, 9 இலக்கமும் ஒரு வீ அல்லது எக்ஸ் எழுத்தும். எழுத்தை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் இன்டில் போட்டேன். 9 இலக்கம் தாங்கியது. 2016 ஜனவரியிலிருந்து 12 இலக்க அட்டை வந்தது. இன்டின் உச்சம் 2,147,483,647, வெறும் 10 இலக்கம். அங்கே இருந்தது பழைய சேர்வர், கண்டிப்பு முறை அணைத்திருந்தது. அது பிழை சொல்லாமல், பெரிய எண் வந்தால் தன்னால் முடிந்த உச்சத்தைப் போட்டுக்கொண்டது. ஒரு நாள் பட்டியல் எடுத்துப் பார்த்தால் வரிசையாக 2147483647, 2147483647, 2147483647. அத்தனை தாய்மாருக்கும் ஒரே அடையாள அட்டை! மூல எண்கள் எங்கேயும் இல்லை. மறுபடி வீடு வீடாகக் கேட்டு எழுதினோம்.

5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை தானாகவே போட்டிருக்கும், பிழை காட்டி நிறுத்தும். ஆனாலும் வகை பிழை பிழைதான். பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கூட்டிக் கழிக்காத எண், எண்ணே இல்லை, அது எழுத்து. அடையாள அட்டை, ஃபோன், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் சார் அல்லது வார்சார். ஃபோனை இன்டில் போட்டால் முன்னாலுள்ள சைபர் பறந்துவிடும். ஹட்டன் 051, நுவரெலியா 052, பண்டாரவளை 057, எல்லாம் சைபரில்தான் தொடங்குகிறது.

இன்னொன்று, அடையாள அட்டையை முதன்மைச் சாவியாக்காதீர்கள், அதாவது ஆளைத் தனியாக அடையாளம் காட்டும் நிரலாக்காதீர்கள். பழைய அட்டைக்காரர் புது அட்டை எடுத்தால் இலக்கம் மாறிவிடும். சாவி மாறினால் பழைய கொழுந்தெல்லாம் அநாதை. உங்கள் சங்க அங்கத்துவ இலக்கத்தைச் சாவியாக வையுங்கள்.

உயர்தரம்_கடைசிவாங்கு
மிஸ், இன்ட்(12) என்று போட்டால் 12 இலக்கம் பிடிக்காதா?

ஐசிடி_மிஸ்
பிடிக்காது. அந்த அடைப்புக்குறி எண் காட்டும் அகலம் மட்டும்தான். இன்ட்(1) போட்டாலும் இன்ட்(12) போட்டாலும் 4 பைட், அதே உச்சம். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் 8.0.17 பதிப்பில் அதை ஓரங்கட்டத் தொடங்கினார்கள். பரீட்சையில் இதை எழுதிவிடாதே.

லயத்துப்பிள்ளை
தரவு வகை என்றதும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, இழைக்கு வெளியே என்றால் மன்னியுங்கள்.

எங்கள் அம்மா ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தார். பெயர் வேண்டாம். தராசில் 18.4 என்று காட்டும், புத்தகத்தில் 18 என்று எழுதுவார்கள். 18.9 என்றாலும் 18தான். அதற்கும் முதல் சாக்குக்கு, தண்ணிக்கு என்று கழிவு வேறு. சின்ன வயதில் நான் கேட்டேன், "புள்ளிக்குப் பின்னால இருக்கிறது எங்கம்மா போகுது?" அம்மா சிரித்துவிட்டு, "ஃபெக்டரிக்குத்தான்டா போகுது, எங்க போகும்" என்றார்.

இப்போது நான் கொழும்பில் சொஃப்ட்வேர் வேலை செய்கிறேன். இன்ட் நிரலில் 18.4 போட்டால் 18 ஆகும், 18.5 போட்டால் மைஎஸ்கியூஎல் அதை 19 ஆக்கும். மெஷின் பரவாயில்லை, பாதி தாண்டினால் கூட்டிப் போடுகிறது. அந்தப் புத்தகம் எப்போதும் கீழேதான் போனது.

தங்கச்சி, எடைக்கு டெசிமல்(6,2) போடச் சொன்னார்களே, அதை யார் வந்து "கிலோ மட்டும் போதும், வேலை சுருக்கம்" என்று சொன்னாலும் மாற்றாதீர்கள்.

நானுஓயா_எக்ஸ்பிரஸ்
சரி, இந்தக் கதைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு வாசிக்கிறேன்.

பழைய_கிளாக்கர்
பிள்ளைகளே, நான் தோட்ட ஒஃபீஸில் 30 வருடத்துக்கு மேல் கிளாக்கராக இருந்தவன். லயத்துப்பிள்ளை சொன்னது நடந்ததுதான், நான் மறுக்கமாட்டேன். எழுதிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

ஆனால் அந்தச் செக்றோலில், அதாவது வேலையும் சம்பளமும் பதியும் புத்தகத்தில், இருந்த ஒரு ஒழுங்கையும் சொல்ல வேண்டும். பிரட்டுக்களத்தில் ஆள் எடுப்பது, மலையில் கொழுந்து நிறுப்பது கணக்கப்பிள்ளையின் வேலை. அவர் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருவார். செக்றோலை அவர் தொட முடியாது. நான் அதைச் செக்றோலில் ஏற்றுவேன், ஆனால் சம்பள விகிதத்தில் கை வைக்க முடியாது. பெரிய கிளாக்கர் சரிபார்ப்பார், துரை ஒப்பமிடுவார். துரை என்றாலும் செக்றோலில் நேரே ஒரு பேர் எழுதியதை நான் கண்டதில்லை. பிழை வந்தால் அழிப்பது கிடையாது. பழைய எழுத்து தெரியும்படி சிவப்பு மையால் ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சின்ன ஒப்பம்.

பேர் என்றால் இளையவர்களுக்கு விளங்காது. ஒரு நாள் வேலை ஒரு பேர், பாதி வேலை அரைப்பேர். சைபர், அரை, ஒன்று, மூன்றே பெறுமதி. முக்கால் பேர் என்று யாரும் எழுதியதில்லை. இதற்கு உங்கள் டேட்டாபேஸில் என்ன பெயர்?

பண்டாரவளை57
செக் என்றுதான் பெயர் ஐயா, செக்றோலின் செக்கேதான். நிரலுக்குப் பக்கத்தில் "இதில் 0, 0.5, 1 மட்டும்" என்று எழுதிவிட்டால் வேறு எதுவும் நுழையாது. ஆனால் மைஎஸ்கியூஎல்லில் ஒரு சூது உண்டு: 8.0.16-க்கு முந்திய பதிப்புகள் அந்த வரியை வாசித்துவிட்டுப் பேசாமல் விட்டுவிடும். பிழையும் சொல்லாது, தடுக்கவும் செய்யாது. தங்கச்சி, உங்கள் பதிப்பு எது என்று பாருங்கள்.

ஐயா சொன்ன செக்றோல் ஒழுங்கை அப்படியே எடுத்து உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் தருகிறேன். 1976-ல் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் கிராண்ட் (உரிமை கொடுப்பது), ரிவோக் (பறிப்பது) என்ற ஏற்பாட்டை எழுதியபோது அவர்களுக்குச் செக்றோல் தெரிந்திருக்காது, ஆனால் எண்ணம் ஒன்றுதான். அவரவர் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உரிமை, அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை.

தம்பிக்கு ஒரு கணக்கு:

கிரியேட் யூசர் 'நிறுவை'@'லோக்கல்ஹோஸ்ட்' ஐடென்டிஃபைட் பை 'ஒரு நல்ல பாஸ்வேர்ட்';

கிராண்ட் செலக்ட், இன்சர்ட் ஆன் சங்கம்.கொழுந்து டு 'நிறுவை'@'லோக்கல்ஹோஸ்ட்';

டேபிள் பெயரை உண்மையிலேயே தமிழில் வைக்கலாம், மைஎஸ்கியூஎல் ஏற்கும். கட்டளைச் சொற்களையும் லோக்கல்ஹோஸ்ட் என்பதையும் மட்டும் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

இனி தம்பி எழுதலாம், பார்க்கலாம். திருத்தவும் அழிக்கவும் முடியாது. டிரங்கேட் செய்து காலி பண்ணவும் முடியாது, அதற்கு டிரொப் (டேபிளையே நீக்கும்) உரிமை வேண்டும். விலை டேபிளில் உங்களுக்கு மட்டும் அப்டேட். ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கலண்டரில் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். மாதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், புதுக் கலண்டர் வாங்கலாம்.

நானுஓயா_எக்ஸ்பிரஸ்
வாயை மூட முடியவில்லை. மூன்று பேர் வேலை செய்யும் ஒஃபீஸுக்கு மூன்று யூசரா? நாளைக்கு இவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் வேலையை எப்படிப் பார்ப்பது? அப்புறம், எல்லா வெப் அப்ளிகேஷனும் ஒரே ஒரு டேட்டாபேஸ் கணக்கில்தான் ஓடுகிறது, யார் என்ன செய்யலாம் என்பதை அப்ளிகேஷன்தான் பார்க்கும். எதற்கு இரண்டு பூட்டு?

பண்டாரவளை57
நல்ல கேள்விதான், ஆனால் இரண்டு பாதி உண்மை. அப்ளிகேஷன் ஒரே கணக்கில் ஓடுவது வழக்கம், சரி. அந்த ஒரு கணக்கு ரூட்டாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? தேடல் பெட்டிக்குள் எவனாவது எஸ்கியூஎல் கட்டளையைச் செருகினால், அந்தக் கணக்கால் முடிந்ததெல்லாம் அவனாலும் முடியும். டிரொப் உரிமை இல்லாத கணக்கென்றால் டேபிளாவது மிஞ்சும். தங்கச்சியிடம் அப்ளிகேஷனே இல்லை, நேரே கிளையன்டில் அடிக்கிறார்கள். அவருக்கு இருப்பது ஒரே பூட்டுத்தான்.

காய்ச்சலுக்குப் பதில் ரோல். 8.0-லிருந்து உண்டு. "நிறுவைக்காரர்" என்று ஒரு ரோல் செய்து உரிமைகளை அதற்குக் கொடுங்கள். ஆளுக்கு ரோலைக் கொடுங்கள், காய்ச்சல் போனதும் திரும்ப எடுங்கள்.

லயத்துப்பிள்ளை
வித் கிராண்ட் ஒப்ஷனை, அதாவது தன் உரிமையைப் பிறருக்கும் கொடுக்கும் உரிமையை, மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். அது வெறும் சாவி இல்லை, சாவி வெட்டும் மெஷின். எங்கள் இடத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போனார், அவர் உரிமையைப் பறித்தோம், நிம்மதியாக இருந்தோம். ஆனால் அவர் முன்பே வேறு நான்கு பேருக்குக் கொடுத்திருந்தது அப்படியே இருந்தது. மைஎஸ்கியூஎல் சங்கிலியைப் பின்தொடர்ந்து அறுக்காது. போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸ் என்றால் "இவரை நம்பி இத்தனை பேர் இருக்கிறார்கள்" என்று நிறுத்தும், கேஸ்கேட் சொன்னால் எல்லாவற்றையும் சேர்த்துப் பறிக்கும்.

கொழுந்துக்கணக்கு
எல்லாருக்கும் நன்றி, நான் இத்தனை பதில் எதிர்பார்க்கவில்லை. நேற்று முழுக்க மழை, கரண்டும் இரண்டு தடவை போனது, இடையில் இதைச் செய்து முடித்தேன். 18.4 வருகிறது! 11 பதிவு. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் யூசர் விஷயத்தில் இரண்டு இடத்தில் முட்டினேன். தம்பி பக்கத்து அறை லப்டொப்பிலிருந்து நுழைந்தால் "அக்சஸ் டினைட்". அதே பாஸ்வேர்ட் என் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறது. அப்புறம் ரோலைக் கொடுத்தேன், கிராண்ட் சரி என்றது, ஆனால் அவனுக்கு எந்த டேபிளும் தெரியவில்லை. உரிமைகளைத் திரும்ப ஏற்றும் ஃப்ளஷ் பிரிவிலேஜஸ் மூன்று தடவை போட்டும் பலனில்லை.

பண்டாரவளை57
இரண்டும் எல்லாரும் விழும் குழி.

மைஎஸ்கியூஎல்லில் ஆளின் பெயர் மட்டும் ஆள் இல்லை, எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்துதான் ஆள். 'நிறுவை'@'லோக்கல்ஹோஸ்ட்' வேறு, பக்கத்து அறையிலிருந்து வரும் 'நிறுவை' வேறு. ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு ராஜு இருப்பது மாதிரி. அந்த லப்டொப்பின் ஐபியைப் போட்டு இன்னொரு கணக்குச் செய்யுங்கள். சோம்பலில் சதவீதக் குறி போடாதீர்கள், அது உலகத்துக்கே வாசலைத் திறப்பது.

ரோலைக் கொடுப்பது தொப்பியைக் கையில் கொடுப்பது. தலையில் போடவும் சொல்ல வேண்டும்: செட் டிஃபோல்ட் ரோல் ஓல் டு என்று அந்தக் கணக்கின் பெயர். அடுத்த முறை நுழையும்போது போட்டுக்கொண்டே வருவான். ஃப்ளஷ் எல்லாம் தேவையில்லை, கிராண்ட் போட்டால் உடனே செல்லும். உரிமை டேபிள்களைக் கையால் திருத்தினால் மட்டும்தான் ஃப்ளஷ்.

சரிபார்க்க ஷோ கிராண்ட்ஸ் ஃபோர் போட்டு ஒருமுறை வாசியுங்கள்.

இரவுஷிப்ட்
திகதியை யாரும் தொடவில்லையே. நான் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை. கொழுந்து வாட்டப்போடுவது, அரைப்பது எல்லாம் விடிய விடிய நடக்கும். ஓர் இடத்தில் சேர்வர் வெளிநாட்டில், நேரம் கிறீன்விச் நேரம். நாங்கள் அதிகாலை 1.45-க்குப் பதிந்தால் அது முதல் நாள் இரவு 8.15 என்று விழும். 1ஆம் திகதி அதிகாலை அரைத்த தேயிலை போன மாதக் கணக்கில். நள்ளிரவிலிருந்து 5.30 வரை செய்த வேலையெல்லாம் நேற்றைக்குப் போய்விடும். இரண்டு மாதம் மேலதிக நேரச் சம்பளம் குழம்பி, சண்டை பிடித்துத்தான் கண்டுபிடித்தோம்.

நம் நாட்டில் நேரமே மாறியும் இருக்கிறது. 1996-ல் கடிகாரத்தை முன்னால் தள்ளி, 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பதிவு ஏற்றுபவர்கள் நினைவில் வையுங்கள்.

ஐசிடி_மிஸ்
தங்கச்சிக்கு டேட் வகையே போதும். வார்சாரில் 05/04 என்று இருந்தால் ஏப்ரல் 5-ஆ மே 4-ஆ என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். வரிசைப்படுத்தினாலும் எழுத்து வரிசையில்தான் நிற்கும், முன்னால் சைபர் போடாமல் எழுதியிருந்தால் 10ஆம் திகதி 2ஆம் திகதிக்கு முன்னால்.

கொழுந்துக்கணக்கு
மாற்றிவிட்டேன் மிஸ். இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். பெயருக்கு வார்சார்(10) வைத்திருந்தேன். முத்துலெட்சுமி அக்காவின் பெயரைப் போட்டால் நீளம் கூட என்கிறது. விரல் விட்டு எண்ணினேன், ஏழு எழுத்துத்தான்! பழைய அங்கத்தவர் பட்டியலோ பாமினி எழுத்துருவில் இருக்கிறது, போட்டால் ஆங்கில எழுத்தாக வருகிறது.

லயத்துப்பிள்ளை
நமக்கு ஏழு, யூனிகோடுக்குப் பதினான்கு. மு என்பது ம-வும் உகரக் குறியும், த் என்பது த-வும் புள்ளியும். தாராளமாக 100 வையுங்கள், வார்சாரில் பயன்படுத்தாத இடத்துக்கு வாடகை இல்லை. எழுத்துத் தொகுதி யூடிஎஃப்8எம்பி4. மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்று நீண்ட காலம் இருந்தது 3 பைட் வரைதான். வழக்கமான தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் சரியாக 3 பைட், அதனால் தப்பிவிடும். கடைசிவாங்கு போட்ட சிரிப்பு முகத்துக்கு 4. மிஸ் சொன்ன மா, முந்திரிக் குறிகளும் 2019-ல் யூனிகோடில் சேர்ந்தன, அவற்றுக்கும் 4.

பாமினியில் இருப்பது தமிழே இல்லை, தமிழ் உருவம் போட்ட ஆங்கில எழுத்து. மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி ஏற்றுங்கள். கொ, பொ போன்ற எழுத்துகளை ஒருமுறை கவனியுங்கள். கொம்பும் காலும் தனித்தனியாக வந்த பொகவந்தலாவையும், ஒரே குறியாக வந்த பொகவந்தலாவையும் கண்ணுக்கு ஒன்று, பைட் பைட்டாக ஒப்பிட்டால் இரண்டு ஊர்.

பழைய_கிளாக்கர்
கூட்டுத்தொகை இப்போது ஃபெக்டரிக் கடதாசியோடு ஒத்துப்போகிறதா பிள்ளை? அதை யாரும் கேட்கவில்லை.

கொழுந்துக்கணக்கு
அதைத்தான் எழுத வந்தேன் ஐயா. சதக்கணக்கு இடிப்பது நின்றுவிட்டது. ரூபாக்கணக்கு இன்னும் இடிக்கிறது. நேற்று இரவு ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டேன். மழை பெய்த நாட்களில் மட்டும் வித்தியாசம், வெயில் நாட்களில் ஒரு கிலோவும் பிசகவில்லை.

லயத்துப்பிள்ளை
தண்ணிக் கழிவு.

கொழுந்துக்கணக்கு
ஆமாம். ஃபெக்டரி கழித்துவிட்டுத் தன் கணக்கில் எழுதுகிறது, நாங்கள் கழிக்காமல் எங்கள் கணக்கில் எழுதுகிறோம். எங்கள் டேபிளில் கழிவுக்கு ஒரு நிரலே இல்லை. எந்த நாளில் எத்தனை கழித்தார்கள் என்று இதுவரை யாரும் எழுதி வைத்ததே இல்லை.

இப்போது மூன்று நிரல் போட்டிருக்கிறேன்: நிறுத்த எடை, கழிவு, கழிவுக்குக் காரணம். முதல் இரண்டும் டெசிமல்(6,2). காரணத்தை நல் (வெற்று) ஆக விடாமல் நொட் நல் போட்டேன். காரணம் இல்லாமல் கழிக்க முடியாது.

கேள்வி என்னவென்றால், கழிவு நிரலில் எழுதும் உரிமையை யாருக்குக் கொடுப்பது? ஃபெக்டரி லொறியில் வருபவர் "எனக்கும் ஒரு கணக்குக் கொடுங்கள், நானே போடுகிறேன்" என்கிறார்.

பழைய_கிளாக்கர்
நிறுப்பவனுக்கும் வேண்டாம், வாங்குபவனுக்கும் வேண்டாம். லொறிக்காரர் கடதாசியில் எழுதி ஒப்பமிட்டுத் தரட்டும், அதைப் பார்த்து நீங்கள் ஏற்றுங்கள்.

பண்டாரவளை57
நிரல் வாரியாகவே உரிமை கொடுக்கலாம். தம்பியிடமிருந்து முழு டேபிளுக்கான இன்சர்ட்டை ரிவோக் செய்துவிட்டு, கிராண்ட் இன்சர்ட் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அங்கத்துவ இலக்கம், திகதி, நிறுத்த எடை மட்டும் போடுங்கள். கழிவுக்கு டிஃபோல்ட் 0, காரணத்துக்கு டிஃபோல்ட் 'கழிவில்லை'. ஒரு செக்கும் சேர்த்துவிடுங்கள்: கழிவு 0-க்கு மேலே என்றால் காரணம் 'கழிவில்லை' ஆக இருக்கக் கூடாது. கழிவிலும் காரணத்திலும் உங்களுக்கு மட்டும் அப்டேட். செலக்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள், வேரில் நிரலை வாசிக்க அது இல்லாவிட்டால் அப்டேட்டும் ஓடாது.

லொறிக்காரருக்கு ஒரு வியூ (தேவையான நிரல்களை மட்டும் காட்டும் ஜன்னல்) செய்து, அதில் செலக்ட் மட்டும் கொடுங்கள். அடையாள அட்டை, ஃபோன், வங்கிக் கணக்கு அந்த வியூவில் இருக்கவே கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, சங்கச் செயலாளருக்கும் சொல்லி வையுங்கள். ஓர் இடத்தில் முழுப் பட்டியலையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, வங்கிக் கணக்கெல்லாம் ஊர் முழுக்கச் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

நானுஓயா_எக்ஸ்பிரஸ்
எக்செல்லில் இந்தக் கழிவு வெளியே வந்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். அந்த வியூவுக்கான கட்டளையை யாராவது எழுதிப் போடுங்கள், எங்கள் பால் சேகரிக்கும் இடத்துக்கும் வேண்டும்.

கொழுந்துக்கணக்கு
எழுதிப் போடுகிறேன் அண்ணே, நாளைக்கு. இப்போது பின்நேர லொறி வந்துவிட்டது, ஹோர்ன் அடிக்கிறான். மழையும் தூறுகிறது. இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கழிவுக் கடதாசி கேட்கப்போகிறேன்.